வெக்கை தணிந்த வீடு: தன்னார்வலருக்கு எதைக் கற்பிப்பது?

(கல்லூரி ஒன்றில் நிகழ்த்திய அறக்கட்டளைச் சொற்பொழிவின் திருத்திய எழுத்து வடிவம்)



குறைந்த வருவாய்க் குடும்பங்களின் வீடுகளில் ஆற்றல் திறனை மேம்படுத்துவது, அதற்குத் தன்னார்வலர்களைப் பயிற்றுவிப்பது ஆகியவை பற்றிப் பேசச் சொன்னார்கள். கட்டடங்களுக்குள் வெப்பம் எப்படி வருகிறது, எப்படித் தங்குகிறது என்பது என் பாடம். சென்னைக்குத் தெற்கே உள்ள மறுகுடியமர்வுக் குடியிருப்புகளிலும், நகரத்துக்குள் சிமெண்ட் ஷீட் போட்ட ஒற்றையறை வாடகை வீடுகளிலும் மாணவர்களோடு நடந்து பார்த்ததிலிருந்து ஒரே ஒரு கருத்தை உங்கள் முன் வைக்கிறேன்.

ஏழைக் குடும்பத்தின் வீட்டில் ஆற்றல் திறனை மிச்சமான யூனிட்டைக் கொண்டு அளக்கக் கூடாது. அந்த வீட்டில் வெக்கை எவ்வளவு தணிந்தது என்பதைக் கொண்டு அளக்க வேண்டும். இதை ஒப்புக்கொண்டால் பயிற்சியின் உள்ளடக்கமே மாறிவிடும். பல்பு கொடுக்கவும் சுண்ணாம்பு அடிக்கவும் கற்றுக்கொள்ள அரை நாள் போதும். வீட்டை அளப்பது, வீட்டாரிடம் கேட்பது, செய்த வேலை பலித்ததா என்று அடுத்த கோடையில் திரும்பிப் போய்ப் பார்ப்பது ஆகியவற்றைக் கற்க மாதங்கள் ஆகும். நம் முகாம்கள் பெரும்பாலும் அரை நாள் வேலையோடு நின்றுவிடுகின்றன.

1. மிச்சம் யாருக்கு?

ஒரு கணக்கிலிருந்து தொடங்குகிறேன். சாதாரணக் கூரை விசிறி 75 வாட் எடுக்கும். கோடையில் நாளொன்றுக்குப் பதினாறு மணி நேரம் ஓடினால் 1.2 யூனிட். இரண்டு மாத ரீடிங்குக்கு 72 யூனிட். அதோடு ஆறு மணி நேரம் எரியும் இரண்டு 9 வாட் எல்.இ.டி. பல்புகள், அதே நேரம் ஓடும் ஒரு டி.வி. எல்லாம் சேர்த்தால் ஏறக்குறைய 100 யூனிட் வரும். தமிழ்நாட்டில் 2016 முதல் வீட்டு இணைப்புகளுக்கு இரண்டு மாதத்துக்கு முதல் 100 யூனிட் இலவசம். ஆக, இந்த வீட்டுக்குப் பில் என்று ஒன்று பெரும்பாலும் வருவதில்லை.

இந்த வீட்டுக்குப் போய் நாம் என்ன சொல்கிறோம்? "பி.எல்.டி.சி. விசிறி மாட்டுங்கள், 30 வாட் போதும், இரண்டு மாதத்துக்கு 43 யூனிட் மிச்சமாகும்" என்கிறோம். கணக்கு சரிதான். ஆனால் அந்தக் குடும்பத்துக்கு ஒரு ரூபாய்கூடக் குறையப் போவதில்லை. மிச்சம் மின்வாரியத்துக்கு, விசிறிக்கான மூவாயிரம் ரூபாய்ச் செலவு குடும்பத்துக்கு. வீட்டம்மா நாம் சொல்வதை மரியாதைக்குக் கேட்டுக்கொண்டு அனுப்பிவைக்கிறார் என்றால், அவருக்கு விழிப்புணர்வு இல்லை என்று நம் அறிக்கையில் எழுதக் கூடாது. அவர் கணக்குத் தெரிந்தவர்.

அதே கணக்கைத் திருப்பிப் போட்டுப் பாருங்கள். 30 வாட் விசிறிகள் இரண்டைப் பதினாறு மணி நேரம் ஓட்டினாலும் 58 யூனிட்தான். முன்னறையில் ஒன்று, உள்ளே வயதான மாமியார் படுக்கும் மூலையில் ஒன்று. ரீடிங் முன்பைவிடக் குறைவு, வீட்டில் எல்லோருக்கும் காற்று. சேமித்ததை மறுபடி செலவழித்துவிட்டார்களே என்று பொருளாதாரப் புத்தகங்கள் இதை இழப்புக் கணக்கில் எழுதும். ஒரு விசிறிக்கடியில் ஐந்து பேர் தலை வைத்துப் படுக்கும் வீட்டில் அதை இழப்பு என்று எழுத எனக்குக் கை வராது. நாம் அங்கே போனதே அதற்காகத்தான்.

இன்னொன்று: இலவச 100 யூனிட் மீட்டர் யார் பேரில் இருக்கிறதோ அவருக்கே. ஒரே வளாகத்தில் நான்கைந்து குடித்தனங்கள் இருந்தால், வீட்டுக்காரர் ஆளுக்கொரு சப் மீட்டர் வைத்து யூனிட்டுக்கு எட்டு ரூபாய், பத்து ரூபாய் என்று வாங்குவது சென்னையில் சாதாரணம். அந்த வாடகைக்காரருக்கு 43 யூனிட் என்பது 340 முதல் 430 ரூபாய். பக்கத்துப் பக்கத்துக் கதவுகள். ஒன்றில் சேமிப்பு ரொக்கம், மற்றதில் ஒன்றுமில்லை. ஏ.சி. வாங்கிவிட்ட வீடுகளுக்குக் கணக்கு வேறு. இரண்டு மாதத்துக்கு 500 யூனிட்டைத் தாண்டியதும் கீழ்ப்படிகளில் கிடைத்த மானியத்தில் ஒரு பகுதி போய்விடுகிறது. ரீடிங் 510 வரும் வீட்டில் பத்து யூனிட் குறைந்தால் பில்லே இறங்கிவிடும்.

எனவே தன்னார்வலரின் படிவத்தில் முதல் கேள்வி "மீட்டர் யார் பேரில்?" என்பதாக இருக்க வேண்டும். இரண்டாவது "ராத்திரி யார் எங்கே படுக்கிறீர்கள்?" இந்த இரண்டும் இல்லாத படிவத்தை எத்தனை ஆயிரம் வீடுகளில் நிரப்பினாலும் பயனில்லை.

பொருள் கொடுப்பதை அரசுகள் ஏற்கெனவே செய்து காட்டிவிட்டன. 2015இல் தொடங்கிய உஜாலா திட்டத்தில் நாடு முழுவதும் 36 கோடிக்கும் மேற்பட்ட எல்.இ.டி. பல்புகள் போய்ச் சேர்ந்தன. தமிழ்நாட்டில் 2011 முதல் விலையில்லா மின்விசிறி லட்சக்கணக்கான வீடுகளுக்குப் போனது. அந்த ஆண்டே வந்த பசுமை வீடுகள் திட்டத்தில் 300 சதுர அடி வீடு ஒவ்வொன்றுக்கும் சூரிய மின்சக்தியில் எரியும் ஐந்து விளக்குகள். அந்த அளவில் வழங்குவது அரசால்தான் முடியும். வீட்டுக்கு வீடு வேறுபடும் கேள்விக்கு அந்தந்த வீட்டிலேயே உட்கார்ந்து விடை காண ஆள் வேண்டும். தன்னார்வலரின் இடம் அது.

2. அளக்காமல் செய்த வேலை

அளந்த பிறகே வேலை என்ற பாடத்தை நமக்கு முன்பே விலை கொடுத்துக் கற்ற நாடு அமெரிக்கா. அங்கே பிரச்சினை குளிர். 1973இல் எண்ணெய் நெருக்கடி வந்ததும் ஏழைக் குடும்பங்களால் வீட்டைச் சூடாக்க எண்ணெய் வாங்க முடியவில்லை. மெய்ன் மாநிலத்தில் உள்ளூர் முயற்சியாகத் தொடங்கிய வேலை, 1976இல் சட்டம் வந்து நாடு தழுவிய திட்டமாயிற்று. தொடக்க ஆண்டுகளில் தன்னார்வலர்களும், வேலைவாய்ப்புத் திட்டங்களில் சேர்க்கப்பட்டவர்களும் வீடு வீடாகப் போய் ஜன்னல்களுக்குப் பிளாஸ்டிக் தாள் ஒட்டினார்கள், கதவிடுக்குகளை அடைத்தார்கள். கண்ணுக்குத் தெரிந்த இடுக்கு அது. கைக்கெட்டிய வேலையும் அதுதான்.

அதே காலத்தில் பிரின்ஸ்டன் பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த ஆய்வாளர்கள் நியூ ஜெர்சியில் ட்வின் ரிவர்ஸ் என்ற இடத்தின் தொடர்வீடுகளை ஆண்டுக்கணக்கில் அளந்துகொண்டிருந்தார்கள். அவர்கள் கண்டது எதிர்பாராதது. கூரைக்கடியில் உள்ள பரணுக்குப் போகும் வெப்பம், புத்தகக் கணக்கு சொன்னதைப் போலப் பல மடங்கு. சுவர்களுக்குள்ளும் குழாய்களைச் சுற்றியும் இருந்த மறைவான சந்துகள் வழியே சூடான காற்று நேராக மேலே ஏறிப் போய்க்கொண்டிருந்தது. ஜன்னலில் எத்தனை தாள் ஒட்டினாலும் அந்தச் சந்து அடைபடாது. அதற்குப் பிறகுதான், வாசல் கதவில் பெரிய விசிறியைப் பொருத்திக் காற்றை இழுத்து வீட்டின் ஓட்டைகளைக் கண்டுபிடிக்கும் கருவி பரவலாயிற்று. முதலில் சோதனை, பிறகு வேலை என்ற ஒழுங்கும் வந்தது.

முதல் ஆண்டுகளின் தன்னார்வலர்கள் உழைக்காதவர்கள் அல்ல. கடுங்குளிரில் ஏணி ஏறியவர்கள். எங்கே பார்க்க வேண்டும் என்று அவர்களுக்கு யாரும் கற்றுத்தரவில்லை. நம் ஊரில் வெயிலுக்கு எதிராக நாம் செய்யும் வேலைகளில் எத்தனை இப்படிக் கைக்கெட்டியதாலேயே செய்யப்படுபவை என்று நாம் கேட்டுப் பார்க்க வேண்டும்.

நமக்குப் பெரிய கருவி எதுவும் தேவையில்லை. வெப்பமும் ஈரப்பதமும் காட்டும் சிறு மானி ஒன்று. ஆயிரம், ஆயிரத்தைந்நூறு ரூபாய்க்குக் கிடைக்கும் அகச்சிவப்பு வெப்பமானி ஒன்று. கொரோனா காலத்தில் நெற்றிக்கு நேரே காட்டிய கருவி இதற்கு ஆகாது. அது உடம்புச் சூட்டின் எல்லைக்குள் மட்டுமே அளக்கும். பட்டறைகளில் பயன்படுத்துவதுதான் வேண்டும். அதிலும் ஒரு நுட்பம் இருக்கிறது. பளபளக்கும் தகரக் கூரையை நோக்கிப் பிடித்தால் கருவி உண்மையைவிடக் குறைவாகக் காட்டும். தகரத்தின் மேல் கறுப்பு இன்சுலேஷன் டேப்பைத் துண்டாக ஒட்டி, சிறிது நேரம் விட்டு, அதன் மேல் பிடித்துப் பார்க்க வேண்டும். இது தெரியாத மாணவர் தகரக் கூரை வீடு குளிர்ச்சியானது என்று எழுதிக்கொண்டு வருவார்.

மூன்றாவது கருவி பெரும்பாலான வீடுகளில் ஏற்கெனவே இருக்கிறது, மின்வாரிய மீட்டர். அதில் ஒரு சிறு சிவப்பு விளக்கு மின்னிக்கொண்டே இருக்கும். பக்கத்தில் 3200 என்றோ வேறு எண்ணோ அச்சிட்டிருக்கும். ஒரு யூனிட்டுக்கு எத்தனை முறை மின்னும் என்பது அந்த எண். 3200 என்று போட்ட மீட்டர் ஒரு நிமிடத்தில் 16 முறை மின்னினால் அந்த நேரத்தில் வீடு 300 வாட் எடுக்கிறது. எல்லாவற்றையும் அணைத்துவிட்டு ஒவ்வொன்றாகப் போட்டு எண்ணினால் பழைய ஃபிரிட்ஜ் எவ்வளவு இழுக்கிறது, சோக்கு வைத்த பழைய ட்யூப் லைட் எவ்வளவு இழுக்கிறது என்று வீட்டாரே பார்த்துவிடலாம். எல்லாவற்றையும் அணைத்த பிறகும் மின்னினால் எங்கோ கசிவு இருக்கிறது, அல்லது பக்கத்து வீட்டு வயர் இங்கே சேர்ந்திருக்கிறது. பள்ளிக்கூடப் பிள்ளைகள் இதை வெகு சீக்கிரம் கற்றுக்கொள்கிறார்கள்.

3. கூரை

மே மாதப் பிற்பகலில் சென்னையில் பூச்சில்லாத கான்கிரீட் தளத்தின் மேற்பரப்பு 60 டிகிரி செல்சியஸை நெருங்கும். சில நாள் தாண்டும். நான்கைந்து அங்குலத் தளத்தின் ஊடே அந்தச் சூடு கீழே வந்து சேர மூன்று, நான்கு மணி நேரம் ஆகும். ஆகவே அறைக்குள் கூரை மிக அதிகமாகத் தகிப்பது உச்சி வேளையில் அன்று, மாலை ஐந்து ஆறு மணிக்கு. ஆட்கள் வேலை முடிந்து வீடு திரும்பும் நேரம் அது. இரவு படுக்கும்போதும் கூரை ஆறியிருக்காது. வெளியே காற்று குளிர்ந்தாலும் உள்ளே கூரை தலைக்கு மேல் அனலை வீசிக்கொண்டிருக்கும். விசிறி அந்த அனல்காற்றைக் கீழே தள்ளிக்கொண்டிருக்கும். பகல் பன்னிரண்டு மணிக்குப் போய் ஒருமுறை அளந்துவிட்டு வரும் தன்னார்வலருக்கு இதில் எதுவும் தெரியாது. அளக்க வேண்டிய நேரம் மாலை ஆறு, இரவு பத்து, விடியற்காலை ஐந்து.

நம் பழைய கொத்தனார்கள் இதை அறிந்திருந்தார்கள். தளத்தின் மேல் செங்கல் ஜல்லியும் சுண்ணாம்பும் கலந்து, கடுக்காய் ஊறிய நீர் தெளித்து, நாள்கணக்கில் பெண்கள் வரிசையாக உட்கார்ந்து பலகைக் கட்டையால் தட்டி, அதன் மேல் தட்டோடு பதித்தார்கள். மழைநீரும் இறங்காது, வெயிலும் சட்டென்று இறங்காது. செலவைக் குறைக்க வேண்டும் என்று வரும்போது முதலில் காணாமல் போவது இந்த வேலைதான். ஆற்றல் திறன் செயலகம் 2018இல் கொண்டுவந்த ஈகோ நிவாஸ் சம்ஹிதா என்ற விதித்தொகுப்பு, கூரை வழியே வெப்பம் கடக்கும் அளவுக்கு (சதுர மீட்டருக்கு, ஒரு டிகிரி வேறுபாட்டுக்கு) 1.2 வாட் என்று ஓர் உச்சவரம்பு வைத்திருக்கிறது. வெறும் கான்கிரீட் தளத்தில் அது மூன்றுக்கும் மேல். ஆனால் அந்த விதித்தொகுப்பு 500 சதுர மீட்டரும் அதற்கு மேலும் உள்ள மனைகளுக்கானது. ஒரு சென்ட், ஒன்றரை சென்ட் மனையில் தாமே கட்டிக்கொண்ட வீட்டை அது எட்டிப் பார்ப்பதில்லை.

கூரைக்கு வெள்ளையடிப்பது எளிய வழி, மலிவானதும்கூட. சாம்பல் நிறக் கான்கிரீட், தன்மேல் விழும் வெயிலில் மூன்றில் ஒரு பங்கைத் திருப்பி அனுப்பினாலே அதிகம். புதிதாக அடித்த சுண்ணாம்பு எழுபது, எண்பது விழுக்காட்டைத் திருப்பிவிடும். உள்ளே காற்றின் சூடு இரண்டு முதல் ஐந்து டிகிரி வரை குறையலாம். அகமதாபாத் மாநகராட்சி தன் வெப்பச் செயல்திட்டத்தோடு சேர்த்து 2017இல் குடிசைப் பகுதிக் கூரைகளுக்கு வெள்ளையடிக்கத் தன்னார்வலர்களை அழைத்தது. தெலங்கானா 2023இல் குளிர்கூரைகளுக்கென்றே ஐந்தாண்டுக் கொள்கை வகுத்தது. தமிழ்நாடு 2024இல் வெப்ப அலையை மாநிலப் பேரிடராக அறிவித்திருக்கிறது. எனவே இந்த வேலை இங்கேயும் பெருகப் போகிறது. அதனால்தான் சில விவரங்களைச் சொல்ல விரும்புகிறேன்.

சுண்ணாம்பை எப்போது அடிப்பது? மாசியில், பிந்தினால் பங்குனியில். சித்திரையில் அடித்தால் பாதிக் கோடை போய்விட்டது. ஐப்பசி, கார்த்திகை மழை அதைக் கழுவிக்கொண்டு போய்விடும்; அடுத்த மாசியில் மறுபடி அடிக்க வேண்டும். இதை முதலிலேயே சொல்லாமல் போனால், மழைக்குப் பிறகு வீட்டார் ஏமாந்ததாக நினைப்பார்கள். வெள்ளை சிமெண்டும் பசையும் கலந்தால் கூடுதலாகத் தாங்கும். வெள்ளை ஓட்டுச் சில்லுகள் பதித்தால் பல ஆண்டு நிற்கும், செலவும் பல மடங்கு. தூசி படிந்த வெள்ளை பாதி வேலைதான் செய்யும் என்பதால் கோடையில் இடையிடையே கழுவியும் விட வேண்டும்.

அப்புறம் அந்த மொட்டை மாடி யாருடையது, அங்கே என்ன நடக்கிறது என்பதையும் பார்க்க வேண்டும். வற்றல், வடகம் காயப்போடும் இடம் அது. சுண்ணாம்புத் தூள் துணியில் ஒட்டும், காலில் ஒட்டும், வீட்டுக்குள் வரும். எதிர் வீட்டுக்காரருக்குக் கண் கூசும். இவற்றை எங்களிடம் சொன்னவர்கள் வீட்டுப் பெண்கள். ஒரு மூலையை வடகத்துக்கு விட்டுவிட்டு மீதியை அடிக்கலாம் என்று தீர்வு சொன்னவர்களும் அவர்கள்தான்.

பெரும்பாக்கம் மறுகுடியமர்வுக் குடியிருப்பில் இருப்பதுபோன்ற எட்டுத்தளக் கட்டடத்துக்கு வாருங்கள். கூரைக்கு வெள்ளையடித்தால் பலன் எட்டில் ஒரு தளத்துக்கு. மீதி ஏழு தளத்தில் வெயில் மேற்குச் சுவரில் வருகிறது. அங்கே சுவருக்கு வெளிர் நிறமும் ஜன்னலுக்கு மேல் நிழலும்தான் வழி. மேற்கு அறையில் படுக்கையைச் சுவரிலிருந்து இரண்டடி தள்ளிப் போடச் சொல்வதுகூட ஒரு யோசனைதான், செலவில்லாதது. ஆனால் முகாமுக்கு வாங்கிய சுண்ணாம்பு மூட்டை கையில் இருந்தால் எல்லாக் கட்டடமும் கூரையாகவே தெரியும்.

4. ஜன்னலை ஏன் மூடினார்கள்

இரவில் வெளிக்காற்று உள்ளே வந்தால் பாதி வெக்கை போகும். எல்லா வீட்டிலும் ஜன்னல் இருக்கிறது. இரவில் பெரும்பாலான ஜன்னல்கள் மூடியே இருக்கின்றன. "ஜன்னலைத் திறந்து வையுங்கள்" என்று துண்டறிக்கை அச்சிட்டுக் கொடுப்பது சுலபம்.

மூடியதற்குக் காரணம் கேட்டால் முதலில் கொசு என்பார்கள். சதுப்பு நிலத்தை ஒட்டியும் கால்வாய்க் கரையிலும் இருக்கும் குடியிருப்புகளில் இது உயிர்ப் பிரச்சினை. ஆகவே ஜன்னலுக்கு வலை அடிப்பது ஓர் ஆற்றல் திறன் நடவடிக்கை. ஆற்றல் திறன் கையேடுகளில் வலை என்ற சொல்லையே நான் அதிகம் பார்த்ததில்லை.

கொசு என்பது சொல்லக்கூடிய காரணம். பழகிய பிறகு இரண்டாவது காரணம் வரும், அதுவும் பெண்களிடம் பெண்கள் கேட்டால். ஜன்னல் பொது நடைபாதையைப் பார்த்து இருக்கிறது. போகிற வருகிறவர்கள் எட்டிப் பார்க்கிறார்கள். வயதுக்கு வந்த பெண் இருக்கும் வீட்டில் அந்த ஜன்னல் திறக்காது. ஜன்னலின் கீழ்ப்பாதிக்குத் திரையோ மறைப்போ போட்டு மேல்பாதியைத் திறந்து விடலாம். சூடான காற்று மேலேதான் நிற்கிறது, வெளியே போகவும் மேல்பாதி போதும். கதவுக்கு மேல் ஒரு திறப்பு இருந்தால் இன்னும் நல்லது. இருநூறு, முந்நூறு ரூபாயில் முடிகிற காரியம். கருவி எதுவும் இதைக் கண்டுபிடித்துத் தராது. கேட்கத் தெரிந்த ஒருவர் திண்ணையிலோ படிக்கட்டிலோ உட்கார்ந்து பேசினால்தான் வெளியே வரும்.

ஆகவே பயிற்சியில் பேசக் கற்பிப்பதற்கு அளக்கக் கற்பிப்பதற்குச் சமமான நேரம் தர வேண்டும். அக்கா, அம்மா என்று கூப்பிட்டுவிட்டால் மட்டும் போதாது. கேள்வியைக் கேட்டுவிட்டு விடைக்குக் காத்திருக்க வேண்டும். உள்ளே வரச் சொல்லும்வரை வாசலில் நிற்க வேண்டும். வீட்டைப் படம் பிடிக்கும் முன் அனுமதி கேட்க வேண்டும். சொன்னதை வெளியில் போய்ச் சொல்லக் கூடாது. மீட்டரில் பக்கத்து வீட்டு வயர் தெரிந்தால், அதைத் திருட்டு என்று எழுதுவதற்கு நாம் போகவில்லை.

5. கை வைக்கக் கூடாதவை

இதைச் சுருக்கமாகச் சொல்கிறேன், ஆனால் மிக அழுத்தமாக. உரிமம் பெற்ற வயர்மேன் இல்லாமல் எந்தத் தன்னார்வலரும் சுவிட்ச் பலகையைத் திறக்கக் கூடாது. பழைய குடியிருப்புகளில் எர்த் இல்லாத இணைப்புகள் ஏராளம். ஈரச்சுவரில் மின்சாரம் தட்டும் வீடுகள் உண்டு. பார்த்து, எழுதி, அந்த வீட்டுக்கு முதல் வேலை இதுதான் என்று குறிக்க வேண்டும். மின்கசிவு ஏற்பட்டதும் இணைப்பைத் துண்டித்து உயிர்காக்கும் ஆர்.சி.சி.பி. பொருத்துவது எந்த விசிறியை மாற்றுவதற்கும் முந்தியது.

அடுத்தது ஆஸ்பெஸ்டாஸ் ஷீட். அதைச் சுரண்டக் கூடாது, துளைக்கக் கூடாது, உலர்ந்த துடைப்பத்தால் பெருக்கக் கூடாது. அந்தத் தூசி நுரையீரலுக்குள் போனால் பல பத்தாண்டுகள் கழித்துப் புற்றுநோயாக வரலாம். ஈரப்படுத்தி, மென்மையாகக் கழுவி, அதன் மேல்தான் பூச்சு. அந்த ஷீட்டின் மேல் ஏறியும் நிற்கக் கூடாது. உடைந்து உள்ளே விழுந்தவர்கள் உண்டு. பத்தொன்பது வயது மாணவரைக் கூரையேற்றும்போது பொறுப்பு நம்முடையது.

6. யாரைப் பயிற்றுவிப்பது

இதுவரை நான் சொன்னதெல்லாம் கல்லூரி மாணவரை மனத்தில் வைத்து. ஆனால் மாலை ஆறு, இரவு பத்து, விடியற்காலை ஐந்து மணிக்கு யார் அளப்பது? ஐப்பசி மழைக்குப் பிறகு கூரையை யார் பார்ப்பது? அங்கேயே வாழ்கிறவர்தான்.

அகமதாபாத்தில் சேவா அமைப்பின் வழியில் 1994இல் உருவான மகிளா ஹவுசிங் டிரஸ்ட் இதைச் செய்து காட்டியிருக்கிறது. குடிசைப் பகுதிப் பெண்களையே ஆற்றல் தணிக்கையாளர்களாகப் பயிற்றுவித்தார்கள். அவர்கள் வீடு வீடாகப் போய் மின்பில்லைப் படித்தார்கள், விளக்கையும் விசிறியையும் பார்த்தார்கள், எதை மாற்றலாம் என்று சொன்னார்கள். பொறியாளர் சொன்னால் வராத நம்பிக்கை, அதே தெருவில் தண்ணீர் பிடிக்கிற பெண் சொன்னால் வருகிறது.

இது நமக்கு அந்நியமான அனுபவம் அன்று. 1990களின் தொடக்கத்தில் புதுக்கோட்டையில் அறிவொளி இயக்கம் நடந்தபோது, மாவட்ட ஆட்சியர் ஷீலா ராணி சுங்கத் முன்னின்று நடத்திய அந்த வேலையில் எழுத்துச் சொல்லிக் கொடுத்தவர்கள் பெரும்பாலும் அந்தந்த ஊர்க்காரர்கள். பெண்கள் சைக்கிள் கற்றதும் அதோடு சேர்ந்துதான் நடந்தது. வெளியிலிருந்து வந்தவர்கள் பயிற்சி கொடுத்தார்கள், பாடநூல் கொடுத்தார்கள். இரவு வகுப்பை நடத்தியது தெருக்காரர்கள். மறுபக்கம், 1983இல் தேசியத் திட்டமாக வந்த புகையில்லா அடுப்பை நினைத்துப் பாருங்கள். கட்டிக்கொடுத்தவர்கள் கட்டிவிட்டுப் போனார்கள். புகைபோக்கி அடைத்துக்கொண்டபோது, விரிசல் விட்டபோது பழுது பார்க்க ஆளில்லாமல் எத்தனையோ வீடுகளில் பெண்கள் பழைய அடுப்புக்கே திரும்பினார்கள்.

ஒரு சங்கடமான கேள்வியும் உண்டு. ஏழைப் பெண்ணைத் தன்னார்வலர் என்று அழைத்து அவருடைய மாலை நேரங்களை இலவசமாக வாங்கிக்கொள்வது நியாயமா? எனக்கு இதில் சந்தேகமே இல்லை, நியாயமன்று. மாணவருக்கு இந்த வேலைக்கு மதிப்பெண்ணும் சான்றிதழும் கிடைக்கின்றன. அந்தப் பெண் அந்த நேரத்தில் பூ கட்டினால் காசு. நியூயார்க் நகரம் 2009இல் கூரைகளுக்கு வெள்ளையடிக்கத் தன்னார்வலர்களோடுதான் தொடங்கியது. பிறகு வேலை தேடுவோருக்கு ஊதியத்தோடு பயிற்சி தரும் திட்டமாக அதை மாற்றிக்கொண்டது. நாமும் மாணவரைத் தன்னார்வலராகவும், குடியிருப்புப் பெண்ணை ஊதியம் பெறும் பயிற்றாளராகவும் வைக்கலாம். மாணவருக்கு அவர் கற்பிப்பார். அந்த ஊதியத்தைத் திட்டச் செலவில் முதல் வரியில் எழுத வேண்டும்.

7. 120 மணி நேரம்

நாட்டு நலப்பணித் திட்டம் காந்தி நூற்றாண்டில், 1969இல் தொடங்கியது. மாணவர் ஆண்டுக்கு 120 மணி நேரம், இரண்டாண்டில் 240 மணி நேரம் தர வேண்டும். ஏழு நாள் சிறப்பு முகாமும் உண்டு. இரண்டு கல்வியாண்டு என்றால் இரண்டு கோடை. இந்த வேலைக்குத் தேவையான கால அளவும் சரியாக அதுதான்.

முதல் ஆண்டில் எதையும் மாற்ற வேண்டாம். ஆடி, ஆவணியில் மீட்டரைப் படிக்கவும் கருவிகளைப் பிடிக்கவும் வீட்டாரிடம் பேசவும் பயிற்சி. ஒரு தெருவில் இருபது வீடுகளைத் தேர்ந்து, அந்தத் தெருவின் பெண்கள் நான்கைந்து பேரோடு அந்த ஆண்டுக் கோடை முழுக்க வெப்பநிலையை எழுதி வைக்க வேண்டும். ஏப்ரலில் மாணவர்களாகிய உங்களுக்குத் தேர்வு இருக்கும் என்பதை அறிவேன். அந்த வாரங்களில் பதிவேட்டை அவர்கள் தொடர்வார்கள். இரண்டாம் ஆண்டு கார்த்திகைக்குள் ஒவ்வொரு வீட்டுக்கும் என்ன வேலை என்று வீட்டாரோடு உட்கார்ந்து முடிவு செய்ய வேண்டும். ஒரு வீட்டுக்கு வலை, ஒரு வீட்டுக்கு இரண்டாவது விசிறி, ஒரு வீட்டுக்கு வயரிங். மாசியில் ஏழு நாள் முகாம், கூரை வேலைக்கு.

ஒரு கோடை இன்னொரு கோடையைப் போல இருக்காது. போன ஆண்டைவிட வெயில் குறைந்த ஆண்டில் நம் வேலைதான் காரணம் என்று நாமே ஏமாந்துபோகக் கூடாது. அதற்காகச் சில வீடுகளை, அவர்கள் சம்மதத்தோடு, இரண்டாம் ஆண்டுக் கோடைக்கு மட்டும் மாற்றாமல் விட்டு ஒப்பிட வேண்டும். அடுத்த மாசியில் முதலில் வேலை நடக்க வேண்டியது அந்த வீடுகளில். அந்த வாக்குறுதியை எழுதிக் கொடுத்துவிட்டே சம்மதம் கேட்க வேண்டும். வயதானவர்களோ கைக்குழந்தையோ உள்ள வீட்டை இப்படிக் காத்திருக்க வைக்கவே கூடாது.

கல்லூரி முதல்வரிடம் நான் கேட்பது இரண்டு. கருவிகள் வாங்க ஒரு சிறு தொகை. நான்கைந்து பெண்களுக்கு இரண்டு ஆண்டு மதிப்பூதியம். இந்த அறக்கட்டளையின் வருமானத்தில் ஒரு பகுதியை அதற்குத் தர நிறுவனர் குடும்பத்தார் இசைந்தால், வரும் ஆடி மாதத்திலேயே முதல் தெருவைத் தேர்ந்துவிடலாம். பயிற்சியின் முதல் வாரங்களுக்கு நானும் என் மாணவர்களும் வருகிறோம்.